சுவர் பார்த்தவனைச் சுடக்கூடாது

ரெண்டரை மணிக்கு அருள்தாஸை வேலையை விட்டு அனுப்பப் போகிறேன். இப்போது மணி ஒன்று பதினேழு, அவன் துப்பாக்கியும் கையுமாக என்னைத் தேடிக்கொண்டிருக்கிறான். பதற ஒன்றுமில்லை, விளையாட்டில்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஐந்தாவது மாடி, ஏசி எட்டாத மூலை, நாலு மேஜை, நாலு கம்ப்யூட்டர், சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது வருஷமாக நாங்கள் நாலு பேர் ஆடுகிற பழைய யுத்த விளையாட்டு. ரெண்டாம் உலகப் போர், ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர், பாதி இடிந்தது. எந்த ஊர் என்று விளையாட்டைச் செய்தவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, நாங்களாகப் பெயர் வைத்துக்கொண்டோம். இடிந்த சர்ச் மணிக்கூண்டு. கிணறு இருக்கும் இடம் கிணற்றடி. குறுகலான மாடிப்படி ஒன்று உண்டு, அதில் ஏறினவன் எவனும் உயிரோடு இறங்கியதில்லை, வரிசையில் நின்று சாவதால் அது ரேஷன் கடை. நான் குடியிருக்கும் தெருவில் எத்தனை விளக்குக் கம்பம் என்று கேட்டால் முழிப்பேன். இந்த ஊரில் எந்த ஜன்னலுக்கு ஒற்றைக் கதவு, எந்த ஜன்னலுக்கு ரெட்டைக் கதவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது கிணற்றடியில் குந்தியிருக்கிறேன். விரலில் சாம்பார் வாடை. கை கழுவினேனா? கழுவினேன். வெறும் சாம்பார் வாடைதான், மீன் வாடை இல்லை. இன்று திங்கட்கிழமை, திங்கட்கிழமை அருள்தாஸ் டிபன் மூடியில் ஒரு துண்டு மீன் கொண்டுவந்து வைப்பான், இன்று வைக்கவில்லை. மறந்திருப்பான். மனிதன் மறக்கக்கூடாதா? அறையைப் பதிவு செய்தேனா? செய்தேன். காலையிலேயே செய்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து என் மேலதிகாரி பேசினார். தங்கமான மனிதர், கெட்ட சேதி சொல்லப் போகும்போது மட்டும் பிள்ளைகளை விசாரிப்பார். பையன் எப்படி இருக்கான், பொண்ணு பாட்டு கத்துக்கறாளா என்று அவர் ஆரம்பித்ததுமே நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். உன் டீம்ல ஒரு பேர் வேணும் முகுந்தன், வெள்ளி சாயங்காலத்துக்குள்ள. ஒரு பேர். என் டீமே என்னோடு சேர்த்து நாலு பேர், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் அரதப்பழசான சாஃப்ட்வேரைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. நாலில் முதலில் என்னைக் கழித்தேன். அது தானாக நடந்தது, கழிக்கிறேன் என்ற நினைப்பே இல்லை. மீதி மூன்று. ஷம்ஷீர் வாணியம்பாடிக்காரன், கோபம் வந்தால் மாடியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவான். ஹேமலதா கத்தமாட்டாள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்பாள், கத்துவதே தேவலை. அருள்தாஸ் தூத்துக்குடிக்காரன், நாற்பத்தாறு வயது, என்னைவிட ரெண்டு வயது மூத்தவன், பதினோரு வருஷ சிநேகிதம். அவன் என்ன சொல்வான் என்று யோசித்துப் பார்த்தேன். சரி மக்கா என்பான். அவ்வளவுதான். அந்தச் சரி மக்கா காதில் விழுந்த பிறகுதான் அவன் பெயரை டைப் அடித்தேன். வயது, புதியதைக் கற்பதில் சுணக்கம் என்றெல்லாம் எழுதியது அப்புறம் தேடிப் பிடித்தது. திருப்பிச் சுடாத ஆள் அவன் ஒருத்தன்தான், அதனால் அவன். இதை வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு நானே எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்துதான் நிற்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு ரெண்டு நாள் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

முகுந்தன், கிணத்தடியில குடித்தனம் நடத்தறீங்களா, என்கிறாள் ஹேமலதா தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இன்று சீட்டுக் குலுக்கியதில் அவளும் நானும் சாம்பல் உடுப்பு, அருள்தாஸும் ஷம்ஷீரும் பச்சை. அவள் மணிக்கூண்டில் தொலைநோக்கித் துப்பாக்கியோடு படுத்திருக்கிறாள், அவள் கண்ணில் பட்டவன் பிழைத்ததில்லை. நான் எழுந்து ஓடுகிறேன். திரைக்குக் கீழே ரெண்டு கை, ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான் நான். இந்த மாதிரி விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான், முகம் கிடையாது. ஓடுகிறவன் முகத்தை ஓடுகிறவன் பார்க்க வேண்டியதில்லை. குண்டு பட்டு விழுந்தால் மட்டும் காட்சி பின்னால் நகர்ந்து, குப்புறக் கிடக்கிற நம் உடம்பை மேலேயிருந்து காட்டும், அடடே இவனா நான் என்று தோன்றும். பத்து நொடி. மறுபடி ரெண்டு கை, ஒரு துப்பாக்கி. வீட்டில் என் பையன் புது விளையாட்டுகள் ஆடுகிறான், அதில் வியர்வை தெரிகிறது, ரத்தம் தெரிகிறது, எதிரிக்கு அழுகைகூட வருகிறது. எனக்கு அது வேண்டாம். எனக்கு இந்தக் கட்டம் கட்டமான புகை, அட்டை மாதிரி மரம், எப்போதும் மாலை நாலு மணி போல இருக்கிற வானம், இவை போதும். எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை, எல்லோரும் கிளார்க், ஒரு சித்தப்பா மட்டும் என்.சி.சி. அப்புறம் எதற்கு இந்த யுத்தம் என்று கேட்டால், இங்கே யார் எதிரி என்று உடுப்பைப் பார்த்தாலே தெரிகிறது. பச்சை என்றால் பச்சை. நாற்பத்து நாலு வயதில் வேறு எந்த இடத்தில் எனக்கு அது தெரிகிறது? டிங். ரேஷன் கடைப் பக்கம். பச்சைக்காரர்களின் துப்பாக்கிக்கு எட்டுக் குண்டு, எட்டாவது போனதும் உள்ளேயிருந்து ஒரு தகடு டிங் என்று துள்ளி விழும், காலி என்று எதிரிக்கும் ஊருக்கும் சொல்லிவிடும். ஷம்ஷீர் அந்தத் துப்பாக்கியைத் தொடவே மாட்டான். அருள்தாஸ் ஒன்பது வருஷமாக அதைத்தான் எடுக்கிறான். உள்ளதச் சொல்லுற துப்பாக்கி மக்கா இது ஒண்ணுதான் என்பான். மூலை திரும்பினால் அவன் முதுகு. குனிந்து குண்டு போட்டுக்கொண்டிருக்கிறான். சுட்டேன். விரல் சுட்டது, என்னைக் கேட்கவில்லை. விழுந்தான். அந்தச் சின்னச் சந்தோஷம் வழக்கம்போல நெஞ்சுக்குள் வந்தது, இன்றைக்காவது வராமல் இருக்கும் என்று நினைத்தேன், துளி குறையாமல் வந்தது.

முதுகுலயால மக்கா சுட்ட, என்கிறான் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கோபமில்லை, விசாரிக்கிறான். அவன் யாரையும் முதுகில் சுட்டதில்லை. பின்னால் வந்து நின்று, திரும்புல மக்கா என்பான். ஷம்ஷீர் திரும்பிப் படபடவென்று சுட்டுவிடுவான். ஒன்பது வருஷமாக இப்படியே செத்துக்கொண்டிருக்கிறான், பட்டியலில் எப்போதும் கடைசி. விளையாட்டுப் பட்டியலைச் சொல்கிறேன். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். சுடப்படுறவனுக்கு யாரு சுட்டான்னு தெரியாண்டாமா என்றான். அதைக் கேட்டு நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், காந்தி, காந்தி என்று ஒரு வாரம் ஓட்டினோம். மணி ஒன்று முப்பது. அவன் போன் அடிக்கிறது. சுவர், என்கிறான். தினமும் ஒன்றரைக்கு அவன் மனைவி செலின் கூப்பிடுவாள், பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதற்கு. சுவர் என்றால் எங்கள் விதி. ஆறு வருஷம் முன்னால் ஹேமலதா பிள்ளையை விட்டிருந்த காப்பகத்திலிருந்து, ஜுரம், உடனே வாங்க என்று போன் வந்தது, அவள் மவுஸைப் போட்டுவிட்டு எழுந்ததில் அவளுடைய சிப்பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டான். ஷம்ஷீர் குறி வைத்தான். அருள்தாஸ் ஓடிவந்து நடுவில் நின்றான். போன்ல இருக்க பிள்ளைய சுடாதல என்றான். அன்றிலிருந்து வீட்டுப் போனோ, மேலதிகாரியோ, மனசு சரியில்லையோ, எதுவானாலும் சுவர் என்று ஒரு வார்த்தை சொல்லிச் சுவரைப் பார்த்து நின்றால் அவனைத் தொடக்கூடாது. காரணம் கேட்கக்கூடாது. நாங்களும் தொட்டதில்லை. என்ன போக்கிரித்தனம் வேண்டுமானாலும் செய்வோம், அதைச் செய்ததில்லை. இப்போது அவனுடைய பச்சைச் சிப்பாய் ரேஷன் கடை வாசலில் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன், அவன் குரல் கேட்கிறது. சாப்ட்டாச்சு. போட்டாச்சு. ஆமா, நல்லாதான் இருந்துச்சு. இல்ல, ஒண்ணுமில்ல. சாயங்காலம் வந்து சொல்லுதேன். வைக்கட்டா.

வந்து சொல்லுதேன். என்ன சொல்வான்? ஒன்றும் இருக்காது, கேஸ் புக் பண்ணுவது, மகள் ஸ்கூலில் ஏதாவது. எல்லாப் புருஷனும் சொல்கிற வார்த்தைதானே, நானே நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன். ஆனால் ஒன்றுமில்லை என்றபோது குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கியதா? எனக்கு நெஞ்சில் என்னவோ அடைக்கிறது, வாயுவாக இருக்கும், வெள்ளிக்கிழமையிலிருந்து வாயு. இவனுக்குத் தெரிய வழியில்லை. அழைப்பு ரெண்டு இருபத்தைந்துக்குத்தான் அவனுக்குப் போகும், ஹெச்.ஆர். பெண் கறாராகச் சொல்லிவிட்டாள், முன்கூட்டித் தெரிந்தால் ஆட்கள் தயாராகிவிடுகிறார்களாம். நாலு வரி எழுதித் தந்திருக்கிறாள், அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக்கூடாது, மன்னிப்புக் கேட்கக்கூடாது, தோளைத் தொடக்கூடாது. போரில் இப்படி ஒருத்தன் இருந்திருப்பான், அவனை வைத்து யாரும் விளையாட்டுச் செய்யவில்லை. ரொம்பப் பின்னால், குண்டுச் சத்தம் கேட்காத ஒரு அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, நாளைக்கு முன்வரிசைக்கு யார் யார் என்று பெயர் எழுதுகிறவன். கண்ணாடி போட்டிருப்பான். அவனுக்கும் வாயு இருக்கும். எழுதி முடித்துவிட்டுக் காப்பி குடிப்பான். நிஜமான யுத்தம் எது வந்தாலும் நான் கிணற்றடியில் இருந்திருக்க மாட்டேன், மணிக்கூண்டில் இருந்திருக்க மாட்டேன், அந்த மேஜையில்தான் இருந்திருப்பேன். அதனால்தான் மத்தியானம் முக்கால் மணி நேரமாவது இங்கே ஓடி ஒளிகிறேனோ என்னவோ. அந்த மேஜைக்கும் ஒருநாள் மேலிருந்து போன் வரும். பிள்ளைகளை விசாரிப்பார்கள். அடுத்த முறை ஒரு பேர் கேட்கும்போது பெங்களூர்க்காரர் யாரைக் கழித்துவிட்டு ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் நான் சரி சார் என்று சொல்கிற ஆள்தான். ஷம்ஷீர் என்னைச் சுட்டுவிட்டான். காட்சி பின்னால் போகிறது, ரேஷன் கடை வாசலில் கையை விரித்துக்கொண்டு சாம்பல் உடுப்பில் கிடக்கிறேன். என்னாச்சு பாஸ், இன்னிக்குக் கும்பகர்ணனா, என்கிறான். பத்து நொடி.

ஒன்று நாற்பத்தெட்டு. ஒரு பக்கம் பன்னிரண்டு, இன்னொரு பக்கம் பதினொன்று, நாங்கள் முன்னால். மீன் விஷயம் ஞாபகம் வருகிறது. மூன்று வருஷம் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான், பேன்ட்ரி மைக்ரோவேவில் மீன் சூடு பண்ணுகிறார்கள், நாறுகிறது என்று புகார் கொடுத்து, இனிமேல் கூடாது என்று எல்லோருக்கும் மெயில் வந்தது. நான் பதில் போட்டேன். நாலு பத்தி. ஒருத்தன் சாப்பாட்டை நாற்றம் என்று சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது என்பதை மரியாதையான ஆங்கிலத்தில். மெயிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முகுந்தன் எனக்காண்டி யுத்தம் பண்ணினான் என்று செலினிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், அந்த வாரத்திலிருந்துதான் திங்கட்கிழமை தோறும் எனக்கு ஒரு துண்டு. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது, திங்கட்கிழமை ரகசியம் என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் நான் போட்ட ஒரே யுத்தம். அன்றைக்கு இருந்த முகுந்தன் நல்லவன்தான், அவனுக்கு எதுவும் பறிபோகிற பயம் இல்லை. மைக்ரோவேவ். தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு அருள்தாஸ் அங்கே போய் நின்று ரெண்டு நிமிஷம் சூடு பண்ணுவான். ரெண்டு நிமிஷம் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எதிர்ச் சுவரில் ஒரு சின்னத் திரை. எந்த அறை யாருக்கு, எத்தனை மணிக்கு. எங்கள் அறைகளுக்குப் பூப் பெயர், மல்லிகை, செம்பருத்தி, தாமரை. தாமரைக்கு மட்டும் கண்ணாடிக் கதவு கிடையாது, மரக்கதவு, அதற்குள் போனவர்கள் அட்டைப்பெட்டியோடுதான் வெளியே வருகிறார்கள் என்று கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். காலையில் பதிவு செய்யும்போது, யாருடன் என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டாயமில்லை. வெறுமையாக விட்டிருக்கலாம். பத்தொன்பது வருஷமாகக் கட்டத்தைக் கண்டால் நிரப்புகிற கை. அருள்தாஸ் என்று நிரப்பினேன்.

ரேஷன் கடைப் படியில் அவன் பின்னால் நிற்கிறேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை, கால் வந்திருக்கிறது. பச்சை முதுகு. துப்பாக்கி நடுவில் இருக்கிறது. டிங் சத்தம் வரவில்லை, அவனிடம் குண்டு இருக்கிறது, அவன் திரும்பலாம். திரும்பவில்லை. சுவர், என்கிறான். சொல்லிவிட்டு மெல்லச் செங்கல்லைப் பார்த்து நிற்கிறான். எனக்குப் போன் சத்தம் கேட்கவில்லை. தடுப்பின் மேலாக எட்டிப் பார்க்கிறேன். அவன் போன் மேஜையில் குப்புறக் கிடக்கிறது, பக்கத்தில் டிபன் டப்பா, மூடி தனியாக. ரெண்டு கையும் கீபோர்டில். முகம் திரையைப் பார்த்திருக்கிறது, எனக்குத் தெரிவது காதும் நரைத்த கிருதாவும்தான். காரணம் கேட்கக்கூடாது, விதி. ஹேமலதா மணிக்கூண்டிலிருந்து, என்ன ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு நிக்கறீங்களா, என்கிறாள். ஷம்ஷீர் சிரிக்கிறான். ஒரு நிமிஷம் போகிறது. ஒன்றே முக்கால் நிமிஷம். இந்த மாதிரி நின்றால் நான் என்ன செய்வேன் என்று அவன் பார்க்கிறானா, அல்லது நிஜமாகவே அவனுக்கு ஒரு சுவர் தேவைப்பட்டதா? எழுந்து போய் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆமாம் மக்கா, நான்தான் எழுதினேன், ஏன் எழுதினேன் என்றால் என்று ஆரம்பிக்க எனக்கு எட்டு அடி நடக்க வேண்டும். எட்டு அடி. ஐரோப்பாவில் ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறேன். உட்கார்ந்தே இருக்கிறேன். திரையில் என் ரெண்டு கை, ஒரு துப்பாக்கி.

ரெண்டு மணி. ஆட்டம் முடிந்துவிட்டது, பட்டியல் வருகிறது, ஹேமலதா முதல், நான் ரெண்டாவது, அருள்தாஸ் கடைசி. ஷம்ஷீர் தன் மேஜைக்குக் கீழே இருக்கும் பழைய சர்வரை அணைக்கிறான், டெஸ்டிங், தொடாதே என்று அதன்மேல் ஒட்டிய காகிதம் ஓரத்தில் பெயர்ந்திருக்கிறது, காலால் அழுத்திவிடுகிறான். நாளைக்கு நானும் தாஸண்ணனும் சாம்பல், சொல்லிட்டேன், என்கிறான். ஹேமலதா பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறாள். இன்சூரன்ஸ் கம்பெனியின் பக்கத்தைத் திறக்கிறேன். நாலு வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், மூன்றாவது வரி மறந்துவிட்டது. அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம். செருப்புச் சத்தம். அருள்தாஸ் வலது காலைக் கொஞ்சம் தேய்த்து நடப்பான், பதினோரு வருஷமாகக் கேட்கிற நடை. எட்டு அடியும் நடந்து வந்துவிட்டான். என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறான். மீன் குழம்பு வாடை. நான் திரையைப் பார்க்கிறேன், அதில் பாலிசி எண்கள், ஒன்றுகூடக் கண்ணில் ஏறவில்லை. திரும்பினால் அவன் முகம் இருக்கும், அவனுக்கு என் முகம் தெரியும். திரும்புல மக்கா, என்கிறான். அதே குரல், கோபமில்லை. யார் சுட்டது என்று அவனுக்குத் தெரியும், நான் திரும்பிச் சொல்ல வேண்டும், அவன் கேட்பது அவ்வளவுதான். என் கழுத்து அசையவில்லை. வாய் மட்டும் திறந்தது. சுவர், என்றேன். அந்த விதியை உண்டாக்கியவன் அவன், ஒருநாளும் மீறாதவன். பிறகு என் தோளுக்கு மேலாகக் கை நீண்டு, மூடியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தது. ஒரு துண்டு, வாலில்லாத நடுத்துண்டு. சரி மக்கா, என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.